சேனாதிபதியாய் இருந்த சிறுத்தொண்ட நாயனார்

சித்திரை மாதத்துப் பரணி நட்சத்திரம் சிறுத்தொண்ட நாயனாரின் குருபூசைத் தினமாகும். எமது ஆலயத்தில் நாயன்மார் குருபூசைகள் பெரிய ஆரவாரம் இல்லாமலே நடைபெற்று வருகின்றன. நாயன்மார் திருவுருவங்களுக்கு அபிஷேகம், பூசை, அதன்பின் அன்றைய நாயனாருடைய புராணத்தைப் படித்துப் பயன் சொல்லுதல், ஈற்றில் வந்தவர்களுக்கு அமுது. முன்னர் பயன் சொல்லிய பெரியவர்கள் ஒவ்வொருவராகச் சிவபதம் அடைந்துவிட, சில வருடங்களாக அந்தப் பொறுப்பு பரிபாலன சபையில் இருக்கும் என் தலையில் விழுந்துள்ளது. கந்தோர்க் கோவைகளோடு காலந்தள்ளிய ஓர் எழுதுவினைஞனுக்கு இது எளிய வேலை அல்ல.

அப்படியொரு பரணியன்று, பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து தகப்பன் தூக்கி வருகின்ற இடத்துக்கு நான் பயன் சொல்லிக்கொண்டிருந்தபோது, தூணோடு சாய்ந்திருந்த அம்மா ஒருவர் எழுந்து வெளிவீதிக்குப் போய்விட்டார். யுத்த காலத்திலே மகனைத் தொலைத்துவிட்டு இன்னும் தேடிக்கொண்டிருப்பவர் அவர். அமுது பரிமாறும் வேளையில் அவரைத் தேடிப் போனேன். அவர் கோபிக்கவில்லை. சிறுத்தொண்டர் ஒரு தகப்பன்தானா என்று மட்டும் கேட்டார். எனக்கு மறுமொழி வரவில்லை. இம்மலருக்கு ஒரு கட்டுரை தரும்படி சபையார் கேட்டபோது அந்தக் கேள்விதான் முன்னுக்கு வந்து நின்றது. ஆகையால் நாயனாருடைய வாழ்க்கையை முதலில் இருந்து ஒருமுறை எழுதிப் பார்க்கின்றேன்.

சோழவள நாட்டிலே திருமருகலுக்கு அண்மையில் உள்ளது திருச்செங்காட்டங்குடி. அவ்வூர்ச் சிவன் கோயிலுக்குக் கணபதீச்சரம் என்று பெயர். அவ்வூரில் மாமாத்திரர் குலத்திலே அவதரித்தவர் பரஞ்சோதியார். இளமையிலே ஆயுள்வேதமும் வடநூற் கலைகளும் கற்றார். படைக்கலப் பயிற்சியும், யானை ஏற்றம், குதிரை ஏற்றம் ஆகியவையும் கைவரப் பெற்றார். நோய் தீர்க்கும் கல்வியும் போர்க் கல்வியும் ஒருவரிடத்தே சேர்ந்திருந்தது கவனிக்கத் தக்கது. கற்ற கல்வியெல்லாம் ஈசன் கழலை அடைவதற்கே என்ற தெளிவும் அவருக்கு அப்போதே இருந்தது என்று சேக்கிழார் பெருமான் காட்டுகின்றார்.

பரஞ்சோதியார் அரசனிடத்தில் சேவகத்தில் அமர்ந்து படைத்தலைவரானார். அரசனுடைய பெயரைப் பெரியபுராணம் சொல்லவில்லை. ஆனால் அவர் வடக்கே படையெடுத்துச் சென்று வாதாபி நகரத்தைத் துகளாக்கினார் என்று சொல்கின்றது. வாதாபி என்பது சாளுக்கியரின் தலைநகரம். இன்று கர்நாடக மாநிலத்தில் பாதாமி என்று வழங்குவது. சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியை வென்று அந்நகரைக் கைப்பற்றியவன் காஞ்சிப் பல்லவனான முதலாம் நரசிம்மவர்மன். இது நடந்தது கி.பி. 642 அளவில். அவனுடைய வெற்றியைச் சொல்லும் கல்வெட்டுப் பாதாமிப் பாறையிலேயே இருக்கின்றது. எனவே எமது நாயனார் நரசிம்மவர்மனின் படைத்தலைவர் என்பதே ஆராய்ச்சியாளர் பலரின் முடிவு. ஞானசம்பந்தப் பிள்ளையார் அவருடைய காலத்தவர் என்பதும் இதற்குப் பொருந்தி வருகின்றது.

எங்கள் வயதினரில் வாசிப்புப் பழக்கம் உள்ளவர்கள் பரஞ்சோதி என்ற பெயரை முதலில் அறிந்தது புராணத்தில் அல்ல, கல்கி 1944இல் தொடங்கி எழுதிய சிவகாமியின் சபதம் தொடர்கதையில்தான். அது நல்ல கதை, ஆனால் கதை. வாதாபியிலிருந்து அவர் பிள்ளையார் திருவுருவம் ஒன்றைக் கொண்டுவந்தார் என்பதும் செவிவழிச் செய்தியே. யானைகளும் குதிரைகளும் இரத்தினக் குவைகளும் கொண்டுவந்து அரசன் முன் வைத்தார் என்றுதான் சேக்கிழார் பாடியுள்ளார்.

இந்தப் போரோடு எங்கள் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அரசுரிமை இழந்து இந்தியாவுக்குப் போன மானவர்மன் என்னும் இலங்கை இளவரசன், நரசிம்மவர்மனிடம் அடைக்கலம் புகுந்து, அவன் பகைவனோடு செய்த போரிலே துணை நின்றான் என்று மகாவம்சத்தின் தொடர்ச்சியான சூளவம்சம் கூறும். பின்னர் பல்லவப் படையின் உதவியோடு இலங்கை வந்து, முதன்முறை தோற்று, மறுமுறை வென்று அரசனானான். அவனும் பரஞ்சோதியாரும் ஒரே பாசறையில் இருந்திருக்கவும் கூடும். புராணத்திலும் வரலாற்று நூலிலும் ஒரே போர் இரண்டு பக்கமாகத் தெரிவது எனக்கு எப்போதும் வியப்பைத் தருவது.

வாதாபி வெற்றியின் பின் நடந்ததுதான் நாயனாருடைய வாழ்க்கையின் திருப்பம். அரசன் அவருடைய வீரத்தைச் சபையிலே வியந்து பேசினான். அப்போது அவரை நன்கு அறிந்த அமைச்சர்கள், இவர் சிவபெருமானுக்கு அடிமைத் திறம் பூண்டவர், ஆதலால் இவரை எதிர்நிற்பவர் இல்லை என்று தெரிவித்தார்கள். அரசன் மகிழவில்லை, கலங்கினான். ஓர் அடியாரைக் கொடிய போர்முனைக்கு ஏவிவிட்டேனே என்று வருந்தி அவரைப் பணிந்து பொறுத்தருள வேண்டினான். பரஞ்சோதியாரோ அது தம்முடைய குலத் தொழில், அதில் என்ன குற்றம் என்று அடக்கமாகவே சொன்னார். அரசன் நிதிக் குவைகளைக் கொடுத்து, இனித் திருத்தொண்டு செய்து வாழும்படி விடை கொடுத்து அனுப்பினான். அந்தக் காலத்து இளைப்பாற்றுச் சம்பளம் என்று நாம் வைத்துக்கொள்ளலாம்.

இவ்விடத்தில் என்னைப் போன்ற இளைப்பாறியவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்து உத்தியோகத்தர் எத்தனையோ பேர் வாலிபம் முழுவதையும் தெற்கிலே கழித்தவர்கள். மாதம் ஒருமுறை புகையிரதத்தில் வந்து இரண்டு நாள் நின்றுவிட்டுத் திரும்பிப் போவார்கள். பிள்ளைகள் வளர்ந்ததைக் கடிதத்திலே வாசித்தவர்கள். ஐம்பத்தைந்திலோ அறுபதிலோ வந்து சேரும்போது வீட்டில் அவர்கள் விருந்தாளிகள். கந்தோரில் மணி அடித்தால் பியோன் ஓடி வருவான். வீட்டில் தேத்தண்ணீர் கேட்டால், அடுப்பில் உலை இருக்கிறது, பொறுங்கள் என்று மறுமொழி வரும். அந்த மாற்றத்தைத் தாங்காமல் சிடுசிடுத்துக்கொண்டே காலம் கழித்தவர்களை நான் கண்டிருக்கின்றேன். நானும் முதல் ஒரு வருடம் அப்படித்தான் இருந்தேன் என்று என் மனைவி சொல்லுவார்.

பரஞ்சோதியார் ஒரு பெரும் படையையே ஏவியவர். ஊருக்கு வந்து கணபதீச்சரத்துப் பெருமானை வணங்கி, திருவெண்காட்டு நங்கையார் என்னும் அம்மையாரோடு இல்லறத்திலே அமர்ந்தார். அந்த வீட்டுக்கு ஒரு நியதி இருந்தது. நாள்தோறும் சிவனடியார்களை முன்னே அமுது செய்வித்து, அதன்பின்பே தாம் உண்பது. சோறும் கறியும் நெய்யும் தயிரும் பாலும் பழமும் அன்றன்று ஆக்கிப் படைக்க வேண்டும். ஆக்குபவர் நங்கையார், அவருக்குத் துணை சந்தனத் தாதியார் என்னும் பணிப்பெண். அடியார் வராத நாளில் தெருத் தெருவாகத் தேடிப் போய் அழைத்து வருபவர் பழைய படைத்தலைவர். அடியவர் முன்னே தம்மை மிகவும் சிறியராக வைத்து ஒழுகினார். அதனால் உலகம் அவரைச் சிறுத்தொண்டர் என்று அழைத்தது. அரசன் கொடுத்த விருது ஒன்றும் நிலைக்கவில்லை. இந்தப் பெயரே நிலைத்தது.

அன்னதானம் செய்தவரின் பெயர் மட்டும் பலகையில் எழுதப்படுவதை நாம் எங்கும் காண்கின்றோம். அடுப்படியில் நின்றவரின் பெயரை யாரும் எழுதுவதில்லை. சேக்கிழார் அப்படிச் செய்யவில்லை. சந்தனத் தாதியாருக்கும் இந்தப் புராணத்திலே ஓர் இடம் கொடுத்திருக்கின்றார். 1995 ஒக்டோபர் முடிவில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது, சாவகச்சேரியிலும் கொடிகாமத்திலும் முன்பின் அறியாத குடும்பங்களுக்குப் படலையைத் திறந்துவிட்டு, உள்ள அரிசியைப் பகிர்ந்து ஆக்கிப் போட்ட பெண்கள் எத்தனை பேர்! மகேசுர பூசை என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவர்களுடைய நினைவே வரும்.

இப்படி நடந்து வந்த வீட்டில் ஒரு பிள்ளை பிறந்தது. சீராளதேவர் என்று பெயரிட்டார்கள். பிறந்த போது ஊரே கொண்டாடியது. மூன்றாவது வயதில் முடி இறக்கி, பள்ளியில் இருத்தினார்கள். அக்காலத்திலே திருஞானசம்பந்தப் பிள்ளையார் திருச்செங்காட்டங்குடிக்கு எழுந்தருளினார். சிறுத்தொண்டர் எதிர்கொண்டு வணங்கித் தம் வீட்டுக்கு அழைத்து உபசரித்தார். கணபதீச்சரத்திலே பிள்ளையார் பாடிய தேவாரப் பதிகத்தில் சிறுத்தொண்டருடைய பெயரையும் வைத்துப் பாடியருளினார். வாழும் காலத்திலேயே தேவாரத்தில் பெயர் பெற்றவர்கள் சிலரே.

இனி வருவதுதான் அந்த அம்மா எழுந்து போன இடம்.

சிவபெருமான் அவருடைய அன்பை நுகரத் திருவுளங்கொண்டு வடதேசத்து வைரவ அடியாராக வந்தார். எங்கள் ஊரில் ஒழுங்கைக்கு ஒரு வைரவர் உண்டு; வடைமாலை சாத்திக் காவல் கேட்கும் வைரவரையே எமக்குப் பழக்கம். இங்கு வந்த வைரவரோ வேறு விதம். நாயனார் அடியாரைத் தேடி வெளியே போயிருந்தார். தாதியாரும் நங்கையாரும் உள்ளே எழுந்தருளும்படி வேண்டினார்கள். பெண்கள் தனித்திருக்கும் வீட்டினுள் வருவதில்லை என்று சொல்லி, கணபதீச்சரத்து ஆத்தி மரத்தின் கீழ்ப் போய் இருந்தார். எந்த அடியாரையும் காணாமல் மனம் சோர்ந்து திரும்பிய நாயனார், செய்தி அறிந்து ஓடிப் போய் வணங்கி அழைத்தார். தாம் உண்பது ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அந்த நாள் இன்று, உண்பது பசு என்றார் வந்தவர். நாயனார், என்னிடம் ஆநிரை மூன்றும் உண்டு, குறையில்லை என்று மகிழ்ந்தார். அந்தப் பசு நரப்பசு, ஐந்து வயதுப் பிள்ளை என்றார் அவர். ஒரு குடிக்கு ஒரே மகனாய், உறுப்பிலே குறை இல்லாதவனாய் இருக்க வேண்டும்; தாய் பிடிக்க, தந்தை அரிய, இருவரும் மனம் மகிழ்ந்து சமைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக அடுக்கினார்.

நாயனார் வீட்டுக்கு வந்து நங்கையாரிடம் சொன்னார். இருவரும் ஆலோசித்தார்கள். பொருள் கொடுத்தால் பிள்ளை தருவார் இருக்கலாம். தம் பிள்ளையைத் தாமே அரிவார் ஒருவரும் இல்லை. ஆகவே எம் பிள்ளையே என்று முடிந்தது. நாயனார் பள்ளிக்குப் போனார். தகப்பனைக் கண்ட பிள்ளை சதங்கை ஒலிக்க ஓடி வந்தது. தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். தாய் வாங்கிப் பிள்ளையின் தலையைத் திருத்தி, முகம் துடைத்து, கோலம் செய்து கொடுத்தார். அதற்கு மேலே நடந்ததை நான் எழுதவில்லை. எல்லோரும் அறிந்ததே.

அமுது ஆயிற்று. தலை அமுதுக்கு ஆகாது என்று தாதியாரிடம் கொடுத்திருந்தார்கள். வைரவர் அதையும் கேட்டார். தாதியார் அதனைக் கேட்பாரோ என்று நினைந்து முன்னரே தனியாகச் சமைத்து வைத்திருந்தார். தனியே உண்ண மாட்டேன், இன்னொரு அடியாரையும் கொண்டு வருக என்றார் வைரவர். வெளியே தேடினால் ஒருவரும் இல்லை. நாயனாரே உடன் இருந்தார். வந்தவர் உண்ணட்டும் என்று அவர் தொடங்க, அதையும் தடுத்து, உமக்கு மகன் உண்டோ, உண்டாயின் அவனை அழையும், அவன் வந்தால்தான் உண்பேன் என்றார். நாயனார் சொன்ன மறுமொழி, அவன் இப்போது உதவான் என்பது மட்டுமே.

புராணத்தைப் பலமுறை படித்தும் நான் கவனியாமல் விட்ட இடம் இது. அதுவரை கேட்டதற்கெல்லாம் உண்டு, தருவேன், குறையில்லை என்று சொல்லி வந்தவர் சிறுத்தொண்டர். அவர் தடுமாறிய இடம் இது ஒன்றுதான். மகன் இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. இறந்தான் என்றும் சொல்லவில்லை. உதவான் என்று, வேலையாய் எங்கோ போயிருக்கும் பிள்ளையைச் சொல்வதுபோல் சொன்னார். தகப்பன்தானா என்று கேட்ட அம்மாவுக்கு, எனக்குத் தெரிந்த மறுமொழி இந்த ஒரு சொல்லில் இருக்கின்றது.

அறிஞர்கள் இந்தப் புராணத்துக்குத் தத்துவ விளக்கம் சொல்வதுண்டு. பிள்ளை என்பது பாசம், அதை அறுப்பதே அரிதல் என்பார்கள். இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் வருடக்கணக்காக மகனுடைய படத்தைக் கையில் ஏந்தித் திரிகின்ற ஒரு தாயின் முன்னே நின்று அதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலிலே கொட்டகை போட்டு அமர்ந்த தாய்மாரை நாம் அறிவோம். அவர்களிடத்தில் பாசம் அறுவதைப் பற்றி யார் பேசுவது? முற்றும் துறந்த பட்டினத்தடிகளே, மகவை அரிந்து ஊட்டத் தம்மால் இயலாது என்று சிவபெருமானிடம் ஒப்புக்கொண்டு பாடியிருக்கின்றார். பட்டினத்தாரால் இயலாதது எம்மால் இயலவில்லை என்று சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நல்லூரில் அவதரித்த நாவலர் பெருமான் இந்தப் புராணத்தை வசனமாக எழுதியபோது எதையும் மழுப்பாமல் உள்ளபடியே எழுதினார். படிப்பவர் கலங்குவார் என்பது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

மகனை அழையும் என்று சொன்னவர் தாமே அழைக்கவில்லை. பெற்றவர்களையே அழைக்கச் சொன்னார். நாயனாரும் நங்கையாரும் வீட்டுக்கு வெளியே வந்து, வராத பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். முதலில் தகப்பன், பிறகு தாய். பள்ளியிலிருந்து ஓடி வருவதுபோலச் சீராளன் ஓடி வந்தான். தாய் எடுத்து அணைத்துத் தகப்பன் கையில் கொடுத்தார். உள்ளே போய்ப் பார்த்தால் வைரவரும் இல்லை, ஆக்கிய அமுதும் இல்லை. திகைத்து மீண்டும் வெளியே வந்தபோது உமாதேவியாரோடும் முருகப் பெருமானோடும் இறைவன் இடபத்தின் மேல் காட்சி கொடுத்தருளினான். அம்மையும் அப்பனும் பிள்ளையும் வந்தது, அம்மையும் அப்பனும் பிள்ளையும் இருந்த வீட்டுக்கு. அவர்களோடு சந்தனத் தாதியாரையும் சேர்த்து நால்வரையும் தன் திருவடியிலே வைத்துக்கொண்டான்.

திருச்செங்காட்டங்குடியில் இன்றும் சித்திரைப் பரணியன்று அமுது படையல் விழா நடைபெற்று வருகின்றது. தஞ்சைப் பெரிய கோயிலிலும் இக்குடும்பத்துக்கு ஓர் இடம் கிடைத்திருந்தது. முதலாம் இராசராச சோழன் காலத்தில் அக்கோயிலில் ஸ்ரீகாரியம் பார்த்தவர் ஆதித்தன் சூரியன் என்னும் தென்னவன் மூவேந்த வேளான். கோயில் காரியம் பார்ப்பவர் என்ற வகையில் அவர் எம் போன்றவர்தான். அளவு மட்டும் வேறு. அவர் செய்து கொடுத்த செப்புத் திருமேனிகளின் விபரம் கோயிற் சுவரிலே வெட்டப்பட்டுள்ளது. அவற்றுள் சிறுத்தொண்டர், திருவெண்காட்டு நங்கையார், சீராளதேவர் ஆகிய மூவரும், வைரவரும் உண்டு. வாதாபியை வென்ற வீரரை வாளோடு தனியே வார்க்கவில்லை. மனைவியோடும் மகனோடுமே வார்த்தார்கள்.

அடுத்த வருடப் பரணிக்கு அந்த அம்மா வருவாரோ என்று ஐயமாக இருந்தது. வந்தார், அதே தூணோடு இருந்தார். நான் எந்தப் பாட்டையும் தவிர்க்கவில்லை. ஆனால் பள்ளியில் இருந்து பிள்ளையைக் கூட்டி வரும் இடத்தில் நீட்டிப் பயன் சொல்லாமல் சுருக்கமாகக் கடந்துவிட்டேன். பெற்றோர் இருவரும் வெளியே வந்து கூப்பிடும் பாட்டுகளை மட்டும் இரண்டு முறை படிக்கும்படி படிப்பவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். இரண்டாவது முறைக்கு என்னால் பயன் சொல்ல முடியவில்லை, பேசாமல் இருந்துவிட்டேன். ஒருவரும் குறை சொல்லவில்லை. அன்று அந்த அம்மா எழுந்து போகவில்லை. பூசை முடிந்ததும் மடைப்பள்ளிக்கு வந்து, தானே சோற்று வாளியை எடுத்துப் பந்தியில் பரிமாறினார். எல்லோரும் உண்டு எழுந்த பின், ஓர் இலையில் சோறும் கறியும் பாயாசமும் வைத்து மற்றோர் இலையால் மூடி எடுத்துக்கொண்டு போனார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

வருகின்ற சித்திரைப் பரணியன்றும் குருபூசை வழமைபோல நடைபெறும். புராண படனம் பூசை முடிந்தவுடன் தொடங்கும். மடைப்பள்ளியில் காய்கறி வெட்டவும் தேங்காய் துருவவும் ஆட்கள் போதாமல் இருக்கின்றது. காலை ஆறு மணிக்கே வரக்கூடியவர்கள் முன்கூட்டியே பரிபாலன சபையாரிடம் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.